தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து முதல் வெளிநாட்டுப் பயணம்: பேக்கேஜ் இல்லாமல் பினாங்கு போய்வருவது எப்படி?

நம் பக்கத்தில் வெளிநாடு என்றால் இரண்டு வழிதான் பேச்சில் வரும். ஒன்று, வேலைக்குப் போவது. இன்னொன்று, ஏஜென்ட்டிடம் மொத்தமாகப் பணம் கட்டி, ஐந்து நாளில் மூன்று நாடு என்று பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டு வருவது. மூன்றாவது வழியும் இருக்கிறது. நாமே பாஸ்போர்ட் எடுத்து, நாமே டிக்கெட் போட்டு, ஒரே ஊரில் ஐந்தாறு நாள் தங்கி, அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, தெருத்தெருவாக நடந்து பார்த்துவிட்டுத் திரும்புவது.

என் அப்பா அம்மாவை அப்படிக் கூட்டிப்போக முயன்றபோது அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அதில் முக்கால்வாசி காகித அலைச்சல். விமானம் ஏறிய பிறகு எல்லாம் சுலபமாகவே இருந்தது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் புறப்படுவதற்கு முந்தைய வேலைகளைத்தான் சொல்லப் போகிறேன்.

மலேசியாவின் பினாங்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இந்தியர்களுக்கு இப்போது விசா தேவையில்லை. பல கடைகளில் தமிழ் பேசுவார்கள். மலாய், சீன, தமிழ்ச் சாப்பாடு ஒரே தெருவில் கிடைக்கும். கடலும் மலையும் நகரப் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர்களோடு போக, முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது.

1. பெயரைச் சரிசெய்யுங்கள்

பாஸ்போர்ட் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் வீட்டில் எல்லாருடைய ஆதார், பான், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், வாக்காளர் அட்டை, வங்கி பாஸ்புக் ஆகியவற்றை ஒரே மேசையில் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஆங்கிலப் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

நம் பெயர்களில் சிக்கல் இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். படிவத்தில் 'கிவன் நேம்', 'சர்நேம்' என்று இரண்டு கட்டம் இருக்கும். உங்கள் பெயரை முதல் கட்டத்திலும், அப்பா பெயரை முழுதாக இரண்டாவது கட்டத்திலும் எழுதுங்கள். சர்நேமைக் காலியாக விடவும் அனுமதி உண்டு. ஆனால் விடாதீர்கள். ஒற்றைப் பெயர் இருந்தால் விமான டிக்கெட் போடும் ஒவ்வொரு முறையும் குழப்பம் வரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்குச் சுற்றுலா அனுமதியில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நாளைக்குத் துபாய் போக நினைத்தால் அப்போது தொல்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். அப்பா பெயர் ஒரு சான்றிதழில் 'அப்பா' என்றும், இன்னொன்றில் 'அப்பய்யா' என்றும் முடியும். பேச்சில் இரண்டும் ஒன்றுதான், கவுன்டரில் இரண்டும் வேறு ஆள்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பழைய ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும் இருக்கும், தேதியும் மாதமும் இருக்காது. அது பிறந்த தேதிச் சான்றாகச் செல்லாது. பள்ளி டிசி, பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் என்று முழுத் தேதி உள்ள ஒன்றை எடுத்து வையுங்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும்.

ஆதாரில் திருத்தம் வேண்டுமென்றால் அதை முடித்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டுக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் இரண்டும் சிக்கிக்கொள்ளும். திருத்தத்துக்குச் சில வாரங்களை ஒதுக்குங்கள்.

2. பாஸ்போர்ட்

அரசின் பாஸ்போர்ட் சேவா தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். முகவரி 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். கூகுளில் தேடினால் அதே நிறம், அதே வடிவத்தில் தனியார் தளங்களும் வரும். அவை இரட்டிப்புக் கட்டணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காக அதே படிவத்தை நிரப்பும், அவ்வளவுதான்.

36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. பதினெட்டு வயதுக்குக் கீழே 1,000 ரூபாய். அறுபதைத் தாண்டியவர்களுக்கும் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் புது விண்ணப்பத்தில் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. மூன்று மாதம் கையில் இருந்தால் தட்கல் வேண்டியதே இல்லை.

பணம் கட்டியதும் எந்த மையம், எந்த நாள் என்று கேட்கும். பாஸ்போர்ட் சேவா மையங்களோடு அஞ்சலக மையங்களும் பட்டியலில் வரும். பக்கத்தில் இருப்பதையே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எங்கே சீக்கிரம் தேதி கிடைக்கிறது, எங்கே ஒரே பஸ்ஸில் போய்வரலாம் என்று இரண்டையும் பார்த்து முடிவெடுங்கள். குடும்பமாகப் போகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் அடுத்தடுத்த நேரமாக வாங்கப் பாருங்கள்.

மையத்துக்கு எல்லாவற்றிலும் அசல் கொண்டுபோக வேண்டும், தன்கையொப்பமிட்ட நகல் ஒரு செட்டும் வேண்டும். பத்தாவது தேறியவர்கள் மதிப்பெண் சான்றிதழைக் கட்டாயம் எடுத்துப்போங்கள். அது இருந்தால் இசிஆர் முத்திரை (வேலைக்கு வெளிநாடு போக அரசின் அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) இல்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போதுதான் அந்த முத்திரை குறுக்கே வரும். சுற்றுலாவுக்குத் தடையில்லை. என் அம்மா ஐந்தாவது வரைதான் படித்தவர், இசிஆர் பாஸ்போர்ட்தான். திரும்பும் டிக்கெட்டும் ஹோட்டல் பதிவும் காட்டியதும் அனுப்பிவிட்டார்கள். அவற்றைக் கையிலேயே வைத்திருந்ததால் நின்று பதற வேண்டியிருக்கவில்லை.

குழந்தைகளுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட 'அனெக்சர் டி' என்ற ஒப்புதல் படிவம் வேண்டும். ஒருவர் வெளியூரில் வேலையில் இருந்தால் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அடுத்தது போலீஸ் விசாரணை. வீட்டுக்கு வரலாம், அல்லது போன் செய்து நிலையத்துக்கு வரச் சொல்லலாம். கொடுத்த முகவரியில் நீங்கள் உண்மையிலேயே குடியிருக்க வேண்டும். ஓசூரில் வேலை செய்துகொண்டு ஆதாரில் பென்னாகரம் முகவரியை வைத்திருப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ஆளைக் காணோம் என்று குறிப்பு எழுதினால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை அந்த நாட்களில் தவறவிடாதீர்கள். இந்த விசாரணைக்குக் கட்டணம் கிடையாது.

பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்ட்டில் வரும். கைக்கு வந்ததும் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு உள்ளே வையுங்கள்.

3. எந்த மாதம் போகலாம்?

பினாங்கில் ஆண்டு முழுக்க வெயிலும் புழுக்கமும்தான். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஓரளவு காய்ந்திருக்கும், பெரியவர்களோடு போக அதுதான் நல்ல காலம்.

மூன்று காலங்களைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தன்று பினாங்கும் கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலை முருகன் கோயிலும் மனிதக் கடலாக இருக்கும். அதைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் அறையைப் பல மாதம் முன்பே பிடிக்க வேண்டும். சீனப் புத்தாண்டில் சீனக் கடைகள் பல நாள் மூடியிருக்கும். ரமலான் மாதத்தில் பகலில் மலாய்க் கடைகள் பெரும்பாலும் திறக்காது, ஆனால் மாலையில் தெருவோரம் போடும் நோன்புச் சந்தைகளுக்காகவே அந்த மாதம் போகலாம்.

4. விமான நிலையமும் டிக்கெட்டும்

நமக்கு மூன்று வாய்ப்பு இருக்கிறது, மூன்றையும் ஒப்பிடாமல் டிக்கெட் போடாதீர்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, பாலக்கோடு, தருமபுரிக்காரர்களுக்குப் பெங்களூரு. ஊத்தங்கரைக்காரர்கள் சாமல்பட்டியிலும் அரூர்க்காரர்கள் மொரப்பூரிலும் ரயிலேறினால் சென்னை. சேலம், நாமக்கல் வழியாகத் திருச்சி. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நிறைய விமானங்கள் உண்டு, சில நாள் பெங்களூருவை விடக் கணிசமாகக் குறைந்த விலைக்கும் கிடைக்கும். சென்னையிலிருந்து பினாங்குக்கே நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கினார்கள். உங்கள் தேதியில் அது இருந்தால் கோலாலம்பூரில் மாறும் வேலை மிச்சம்.

இரண்டு மாதம் முன்பே பார்த்தால் போகவர 14,000 முதல் 22,000 ரூபாய்க்குள் கிடைக்க வாய்ப்புண்டு. பள்ளி விடுமுறை என்றால் கூடும்.

விலை குறைவு என்று காட்டும் டிக்கெட்டில் பெரும்பாலும் ஏழு கிலோ கைப்பை மட்டும்தான் அடக்கம். பெட்டி போட வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சேர்த்துவிடுங்கள், விமான நிலையத்தில் கேட்டால் பல மடங்கு. இரண்டு பேருக்கு 20 கிலோ பெட்டி ஒன்று போதும்.

டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். எங்களுக்கு டிக்கெட் போட்டுத் தந்த ஓர் ஏஜென்ட், பாஸ்போர்ட் நகலைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா பெயருக்குப் பின்னால் வெறும் இனிஷியலைப் போட்டுவிட்டார். திருத்தக் கேட்டதற்கு டிக்கெட் விலையில் பாதியைக் கேட்டார். விமான நிறுவனத்தின் உதவி எண்ணில் நானே பேசியபோது, எழுத்துப் பிழை என்று சொல்லி அன்றே திருத்திக் கொடுத்தார்கள். யார் போட்டுக் கொடுத்தாலும் அன்றே படித்துப் பாருங்கள். பிழையைச் சீக்கிரம் சொன்னால் தீர்வு சுலபம்.

5. விசா இல்லை, படிவம் உண்டு

இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குள் போகலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்குப் பிந்தைய பயணம் என்றால் டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

விசாவுக்குப் பதில் எம்டிஏசி என்ற மின்னணு வருகைப் படிவம் உண்டு. மலேசியாவில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இலவசம். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தள முகவரி 'டாட் ஜிஓவி டாட் எம்ஒய்' என்று முடியும். இதற்கும் காசு கேட்கும் போலித் தளங்கள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிரப்பி, வரும் மின்னஞ்சலைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குடிநுழைவுக் கவுன்டரில் திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் பதிவு, செலவுக்குப் பணம் ஆகிய மூன்றையும் கேட்கலாம். இளைஞர்கள் தனியாகப் போனால் கூடுதலாகவே கேட்பார்கள். எத்தனை நாள், எந்த ஊர், எங்கே தங்கல் என்று நேராகப் பதில் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் உள்ளே விடாமல் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். "டூரிஸ்டா போங்க, அங்க போய் வேலைக்கு மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். அது சட்டவிரோதம், மாட்டினால் சிறை. தாய்லாந்து வழியாக மியான்மர் மோசடி முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்திய இளைஞர்களும் இப்படி ஒரு பேச்சை நம்பிக் கிளம்பியவர்கள்தான்.

6. பணம்

ஒரு ரிங்கிட்டுக்கு 22 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் ஏறி இறங்கும். இரண்டு பேர் ஒரே அறையில் தங்கி ஆறு நாள் போய்வர, விமானம் உட்பட ஆளுக்கு 40,000 முதல் 50,000 ரூபாய் ஆகும். நன்றாகவே சாப்பிடலாம்.

உங்கள் டெபிட், கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு அநேகமாக அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் நீங்களேதான் இயக்க வேண்டும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். நம் சிம்முக்கு ரோமிங் இல்லையென்றால் ஓடிபி வராது, கார்டு இருந்தும் பயனில்லை. குறுஞ்செய்தி வரும் அளவுக்கான சின்ன ரோமிங் பேக் போதும். யுபிஐயை நம்பிப் போகாதீர்கள்.

கடையில் கார்டு போடும்போது ரூபாயிலா ரிங்கிட்டிலா என்று கருவி கேட்டால் ரிங்கிட்டையே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த விலைக்கு மாற்றிப் பிடிப்பார்கள்.

ரொக்கமாக ஆளுக்கு 500 ரிங்கிட்டாவது கொண்டுபோங்கள், தெருக்கடைகளில் காசுதான் செல்லும். உரிமம் பெற்ற நாணய மாற்று நிலையத்திலோ வங்கியிலோ வாங்கி ரசீது பெறுங்கள். விமான நிலையத்தில் மாற்றினால் நஷ்டம்.

ஏஜென்ட் பேக்கேஜ்தான் வேண்டும் என்பவர்கள் டிசிஎஸ் என்ற முன்கூட்டிப் பிடிக்கும் வரி எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். சொன்ன விலைக்கு மேல் அந்த வரியைப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம், அதற்குப் பான் எண் சரியாக இருக்க வேண்டும்.

பயணக் காப்பீடு ஒரு வாரத்துக்குச் சில நூறு ரூபாய்தான். பெரியவர்களுக்கு இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதி எடுங்கள்.

7. பெட்டியில் எதை வைக்கக் கூடாது?

அங்கே உறவினர் இருந்தால் கூடை நிறைய மாம்பழம் கொண்டுபோக நம் கை துடிக்கும். வேண்டாம். பழம், விதை, செடி எதற்கும் முன் அனுமதி வேண்டும், இல்லையென்றால் பறிமுதல்தான். மாங்காய் ஊறுகாயை நன்றாக அடைத்துப் பெட்டியில் போடலாம், கைப்பையில் கூடாது. கசகசாவை வீட்டிலேயே விடுங்கள், சில நாடுகளில் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு அவசியம். அங்கே மூன்று செவ்வக முள் கொண்ட பிளக், அதற்கொரு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் அறிமுகமில்லாதவர் "இதை மட்டும் அங்க ஒருத்தர்கிட்ட கொடுத்துடுங்க" என்று நீட்டும் எதையும் தொடாதீர்கள். திரும்பும்போது தங்கம் கொடுத்து அனுப்பும் குருவி வேலைக்கும் இப்படித்தான் ஆள் பிடிப்பார்கள்.

8. கிளம்பும் நாள்

பெங்களூரு விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது, நாம் தெற்கிலிருந்து போகிறோம். மொத்த நகரத்தையும் தாண்ட வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து 130. அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை, அத்திப்பள்ளிக்கு அப்புறம் சில்க் போர்டு வரைதான் நேரம் போகும். ஞாயிறு மாலையும் திங்கள் காலையும் மோசம். விமானத்துக்கு எட்டு மணி நேரம் முன்பே தருமபுரியை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

தனியாகவோ இருவராகவோ போனால் எலெக்ட்ரானிக் சிட்டி அல்லது சில்க் போர்டில் இறங்கி பிஎம்டிசியின் வாயு வஜ்ரா பேருந்தில் ஏறலாம். நான்கு பேர், பெட்டிகள் என்றால் ஊரிலிருந்தே கார் பேசிக்கொள்வது மேல். வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் இரண்டாவது முனையத்தில்தான், ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

9. இறங்கியதும்

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். விமான நிலையத்திலேயே சுற்றுலா சிம் வாங்கலாம். வாடகைக் கார் அழைக்கும் கிராப் செயலியை ஊரிலேயே பதிவிறக்கி, எண்ணைச் சரிபார்த்து வைத்திருங்கள். டாக்சிக்குப் பேரம் பேசும் வேலையே இல்லை.

கோலாலம்பூரில் இறங்கினால் ஓர் இரவு பிரிக்ஃபீல்ட்ஸில் தங்குங்கள். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கம், தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதி. விமான நிலையத்திலிருந்து அதிவேக ரயில் 55 ரிங்கிட், பேருந்து அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மறுநாள் காலை உள்ளூர் ரயிலில் பத்துமலை போய்வரலாம். 272 படி. வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிடுங்கள், குரங்குகளிடம் பையைக் காட்டாதீர்கள்.

கேஎல் சென்ட்ரலிலிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் என்ற விரைவு ரயில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். வார இறுதி டிக்கெட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஊரிலிருந்தே போட்டுவிடுங்கள். பட்டர்வொர்த்தில் இறங்கி நடந்தால் படகுத்துறை. 2 ரிங்கிட் கொடுத்துக் கடலைத் தாண்டினால் பினாங்குத் தீவின் முக்கிய நகரமான ஜார்ஜ் டவுன்.

அறையை ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே எடுங்கள். கடற்கரை ஹோட்டல் படத்தில் அழகாகத் தெரியும், ஆனால் சாப்பாடும் தெருக்களும் இங்கேதான். இருவர் அறை 120 முதல் 180 ரிங்கிட். வெளிநாட்டவர்களுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி, அதைக் கேட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போடாதீர்கள்.

10. சாப்பாடு

முதல் வேளையை நாசி கண்டாரில் தொடங்குங்கள். தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த சாப்பாடு. கண்ணாடிக்குப் பின்னால் குழம்புச் சட்டிகள் வரிசையாக இருக்கும். கடைக்காரர் தட்டில் சோற்றைப் போட்டு உங்களைப் பார்ப்பார். நீங்கள் விரலை நீட்டிக் காட்டினால் போதும்: பொரித்த கோழி, வெண்டைக்காய், கணவாய், முட்டை. கடைசியில் ஒரே கரண்டியைக் கோழிக் குழம்பில் விட்டு, மீன் குழம்பில் விட்டு, பருப்பில் விட்டு, நாலைந்தையும் சோற்றின் மேல் மாற்றி மாற்றி ஊற்றுவார். தனித்தனியாக ஊற்றச் சொல்லாதீர்கள், அந்தக் கலவைக்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள். 10 முதல் 15 ரிங்கிட் ஆகும். ஆனால் பெரிய இறாலையோ மீன் சினையையோ விலை கேட்காமல் காட்டினால் தட்டு இரண்டு மடங்காகிவிடும்.

சார் குவே தியாவ் என்ற தட்டை அரிசி நூடுல்ஸைத் தெருவோரத்திலேயே சாப்பிட வேண்டும். ஒரு வாணலியில் ஒரு தட்டுக்கு மேல் போட மாட்டார்கள், அந்தப் புகைவாசம்தான் ருசி. சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு. அசாம் லக்சா மீனும் புளியும் சேர்ந்த சூப் நூடுல்ஸ். புளிக்குழம்பு பிடித்த என் அப்பா நான்கு நாளும் அதைத்தான் தேடினார். ரொட்டி சானாய் 2 ரிங்கிட் அளவில் எங்கும் கிடைக்கும், காலை உணவுக்குப் போதும்.

சீனக் காப்பிக் கடைகளில் உட்காரும் முறை வேறு. முதலில் மேசையைப் பிடியுங்கள், அதன் எண்ணைப் பாருங்கள். பானத்தைக் கடைக்காரரிடமே சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு ஒவ்வொரு வண்டியாகப் போய் எண்ணைச் சொல்லிவிட்டு வந்தால் கொண்டுவந்து வைத்துக் காசு வாங்கிக்கொள்வார்கள். டீயில் பால் என்றால் டின் பால், சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாது. 'தே ஓ கோசோங்' என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாமல் வரும்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது பெலாச்சான். இறாலை நொதிக்க வைத்துச் செய்யும் விழுது அது. சம்பலிலும், வெறும் கீரை வதக்கலிலும்கூட இருக்கும். 'காய்கறி மட்டும்' என்று சொன்னால் போதாது, பெலாச்சான் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றில் நெத்திலி உண்டு. ஜார்ஜ் டவுனில் தமிழ்க் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா பகுதியில் சுத்த சைவக் கடைகள் இருக்கின்றன. பௌத்தர்களின் சீன சைவக் கடைகளும் நல்லவை. அங்கே தட்டில் கோழி போலவே ஒன்று வந்தால் பயப்படாதீர்கள், சோயாவில் செய்தது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் 'டாகிங்' என்று எழுதியிருப்பதைத் தவிர்க்க வேண்டும். 'ஆயாம்' கோழி, 'ஈக்கான்' மீன், 'தெலூர்' முட்டை.

டுரியான் பழத்தைக் கடையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். பெரும்பாலான ஹோட்டல்கள் உள்ளே விடாது.

11. தெருவும் மலையும்

ஜார்ஜ் டவுன் 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம். அதைப் புரிந்துகொள்ள ஒரு தெரு போதும். காலை எட்டு மணிக்கு முன் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில் வடக்கு முனையிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் பக்கத்திலேயே இருக்கும். கொஞ்சம் தள்ளிக் குவான் யின் கோயில், வாசலில் கை கனத்த ஊதுபத்திகளோடு பாட்டிகள் நிற்பார்கள். அடுத்த தெருவில் திரும்பினால் குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில் கோபுரம், பூக்கட்டும் கடை, தமிழ்ப் பாட்டு. திரும்பவும் சாலைக்கு வந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிட நடைதான். நான் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்கச் சொல்வேன். பள்ளிவாசலுக்குள் போக முழுக்கை உடை வேண்டும், தொழுகை நேரம் தவிர்க்கவும்.

மாலையில் கடலோரத்தில் சியூ ஜெட்டி. தண்ணீர் மேல் கம்பம் நட்டுக் கட்டிய மரவீடுகள். அங்கே குடும்பங்கள் குடியிருக்கின்றன, திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

பினாங்கு மலைக்கு, ஜார்ஜ் டவுனின் கோம்டார் பேருந்து நிலையத்திலிருந்து 204ஆம் எண் பேருந்து. சில்லறை தர மாட்டார்கள், சரியான காசு வைத்திருங்கள். மலையுயரம் 833 மீட்டர், ஏற்காட்டில் பாதிக்குச் சற்று மேல், ஆனால் உச்சியிலிருந்து ஊரும் கடலும் அக்கரைப் பாலமும் ஒரே பார்வையில் கிடைக்கும். விஞ்ச் ரயிலுக்கு வெளிநாட்டவர் கட்டணம் 30 ரிங்கிட். பத்து மணிக்கு மேல் வரிசை நீளும், காலையிலேயே போய்விடுங்கள். இறங்கி வரும் வழியில் கெக் லோக் சி பௌத்தக் கோயில். இன்னொரு நாள் காலையில் தண்ணீர்மலை முருகன் கோயில், 513 படி. மூட்டுவலி உள்ளவர்கள் அடிவாரத்திலேயே கும்பிட்டுக்கொள்ளலாம். ஊருக்குள் சுற்ற 'கேட்' என்ற இலவசப் பேருந்து ஓடுகிறது.

லங்காவி, கேமரன் மலை என்று எல்லாவற்றையும் இதே பயணத்தில் திணிக்காதீர்கள். பாதி நாள் பஸ்ஸில் போய்விடும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு நாள் கூட்டுங்கள்.

12. திரும்பும்போது

மிஞ்சிய ரிங்கிட்டை லிட்டில் இந்தியாவின் நாணய மாற்றுக் கடையிலேயே ரூபாயாக மாற்றிவிடுங்கள், பெங்களூருவில் விலை குறைவாகக் கிடைக்கும். இந்தியா திரும்பும்போது 25,000 ரூபாய்க்கு மேல் இந்திய ரொக்கம் கொண்டுவரக் கூடாது, மாற்றும்போது அதை நினைவில் வையுங்கள். சில்லறை நாணயங்களை யாரும் வாங்க மாட்டார்கள், கடைசித் தேநீருக்குச் செலவழித்துவிடுங்கள்.

நள்ளிரவில் பெங்களூருவில் இறங்கினால் நெரிசல் இல்லாமல் விடிவதற்குள் கிருஷ்ணகிரி வந்துவிடலாம். காரை முன்பே பேசி வைத்திருங்கள். காலை எட்டு மணிக்கு இறங்கினால் பசியோடு நகரத்தைக் கடக்க முயலாதீர்கள், விமான நிலையத்திலேயே சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்கு மேல் கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவிடுங்கள். ஹோட்டல்கள் பிடித்துவைத்த முன்பணம் திரும்ப வர இரண்டு வாரம்கூட ஆகலாம், வங்கிக் கணக்கில் வரும்வரை ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.